முகவரி இல்லாதவங்களுக்கு இணையம்: மோட்டார்ஹோம் கூரையில ஒரு டிஷ் வந்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

வீட்டுக்கு பிராட்பேண்ட் கனெக்ஷன் கேட்டிருப்பீங்க. முதல்ல என்ன கேட்பாங்க? பேர், போன் நம்பர், அப்புறம் முகவரி. கதவு எண், தெரு, பின்கோடு. இதை நாம யோசிக்காமலே நிரப்பிடுறோம். வாடகை வீடா இருந்தாலும் நமக்குன்னு ஒரு முகவரி இருக்கு. ஆனா, வீட்டுக்கே சக்கரம் இருந்தா? இன்னைக்கு ஒரு ஊர், அடுத்த வாரம் வேற ஊர்னு போயிட்டே இருக்கிறவங்க அந்தக் கட்டத்துல என்ன எழுதுவாங்க?

அமெரிக்காவுல மோட்டார்ஹோம்லேயே வருஷம் முழுக்க வாழ்றவங்க நிறைய பேர் இருக்காங்க. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நம்ம ஊர் ஷூட்டிங்ல நடிகர்களுக்காக நிக்குமே கேரவன், அதுக்குச் சொந்தக்காரங்கன்னு வச்சுக்கோங்க. அவங்க கைக்கு இணையம் எப்படி வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்கு கதை. ராக்கெட், சாட்டிலைட்டுன்னு டெக்னாலஜி கதை மாதிரி தெரியும். ஆனா உள்ள போய்ப் பார்த்தா, இது அந்த முகவரிக் கட்டத்தைப் பத்தின கதை. 40 வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு, இன்னும் முடியலை.

முதல்ல கடிதம், அப்புறம் போன்

இணையத்துக்கு முன்னாடியே இந்தப் பிரச்சினை இருந்தது. ஊர் ஊரா போறவங்களுக்கு தபால் எப்படி வரும்? ஓட்டுரிமை எந்த ஊர்ல? வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் எந்த மாநிலத்துல? 1978-ல ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன்னு ஒரு தம்பதி எஸ்கேபீஸ்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. டெக்சாஸ் மாநிலத்துல லிவிங்ஸ்டன்ங்கிற ஊர்லதான் அதோட தலைமையிடம். உறுப்பினர்களோட தபாலை எல்லாம் அங்க வாங்கி, அவங்க அப்போ எங்க இருக்காங்களோ அங்க அனுப்பி வைப்பாங்க. பல பேருக்கு சட்டப்படியான முகவரியே அந்த லிவிங்ஸ்டன்தான். வருஷத்துல ஒரு நாள்கூட தங்காத ஊர், ஆனா சட்டத்தோட கண்ணுல அதுதான் வீடு.

தபாலுக்கு வழி கிடைச்சாச்சு. தகவல் தொடர்புக்கு? இங்க ஸ்டீவன் ராபர்ட்ஸ்னு ஒருத்தரைச் சந்திக்கணும். 1983-ல ஒஹையோ மாநிலம் கொலம்பஸ்ல இருந்து சைக்கிள்ல கிளம்பினார். படுத்த வாக்குல மிதிக்கிற, ரெகம்பென்ட்னு சொல்ற சைக்கிள். அதுக்கு அவர் வச்ச பேர் வின்னபைக்கோ. பிரபலமான மோட்டார்ஹோம் கம்பெனி வின்னபேகோவை வச்சு ஒரு கிண்டல். பெரிய வண்டி வாங்க காசு வேணும், எனக்கு சைக்கிளே மோட்டார்ஹோம்ங்கிற மாதிரி.

அவர்கிட்ட ஒரு சின்ன லேப்டாப் இருந்தது. ரேடியோ ஷாக் கம்பெனியோட மாடல் 100. ரோட்டோரத்துல உட்கார்ந்து கட்டுரை எழுதுவார். எழுதினதை அனுப்ப பேஃபோனைத் தேடிப் போவார். காம்ப்யூசர்வ்னு அந்தக் காலத்து ஆன்லைன் சேவைக்குள்ள நுழைஞ்சு அனுப்புவார். இப்படி முதல் பயணத்துல மட்டும் சுமார் 16,000 கிலோமீட்டர்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அவர் எங்க வேணா போகலாம். ஆனா இணைப்பு போகாது. அது சுவத்துல, ஒரு கம்பியோட முனையில, யாரோ ஒருத்தரோட முகவரியில மாட்டியிருக்கு. ஒவ்வொரு நாளும் அந்த முகவரிக்கு இவர் போய் நிக்கணும்.

36,000 கிலோமீட்டர் உயரத்துல

கம்பி இல்லாம வானத்துல இருந்து இணைப்பு தரலாம்ங்கிற யோசனை பழசு. 1945 அக்டோபர்ல ஆர்தர் சி. கிளார்க் ஒரு பிரிட்டிஷ் வயர்லெஸ் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்துல இலங்கையில குடியேறி, 2008-ல கொழும்புலயே காலமானாரே, அதே எழுத்தாளர்தான். அவர் சொன்ன கணக்கு இது: பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல ஒரு சாட்டிலைட்டை வச்சா, பூமி சுத்துற அதே வேகத்துல அதுவும் சுத்தும். கீழே இருந்து பார்த்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். மூணு சாட்டிலைட் இருந்தா கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒலிபரப்பலாம்.

நம்ம மொட்டை மாடியில இருக்கிற டிடிஎச் டிஷ் இந்தக் கணக்குலதான் வேலை செய்யுது. சாட்டிலைட் நகராது, வீடும் நகராது. ஒரு தடவை டெக்னீஷியன் வந்து திருப்பி வச்சுட்டுப் போனா போதும். பெரிய மழை வர்ற வரைக்கும் கவலை இல்லை.

ஆனா வீடு நகர்ந்தா?

இதுக்கு முதல்ல பதில் தேடினது சுற்றுலாக்காரங்க இல்லை, லாரிக்காரங்க. 1988-ல குவால்காம் கம்பெனி ஆம்னிடிராக்ஸ்னு ஒரு சேவையைக் கொண்டு வந்தது. இன்னைக்கு நம்ம போன்ல இருக்கிற சிப்புக்குப் பேர் போன அதே கம்பெனிதான். ஓடுற லாரியில இருந்து சாட்டிலைட் வழியா சின்னச் சின்ன எழுத்துச் செய்தி அனுப்பலாம், வாங்கலாம். லாரி எங்க இருக்குன்னும் ஆபீஸுக்குத் தெரியும். நம்ம சைக்கிள்காரர் ராபர்ட்ஸ் சும்மா இருப்பாரா? 1991-ல பெஹிமத்னு அடுத்த சைக்கிளை முடிச்சார். அதுல குவால்காமோட சாட்டிலைட் கருவியும் ஏறிடுச்சு. ஹேண்டில்பாரை விட்டுக் கையை எடுக்காமலே டைப் பண்ற வசதி, 105 கியர், எடை சுமார் 260 கிலோ. இப்போ அது கலிஃபோர்னியாவுல மவுன்டன் வியூ ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துல இருக்கு.

லாரிக்கு கம்பெனி காசு கொடுக்கும். ராபர்ட்ஸ் மாதிரி ஆள் ஆயிரத்துல ஒருத்தர். சாதாரண குடும்பத்துக்கு எப்போ வந்துச்சு?

முக்காலி வச்சவங்க

1996-ல ஹியூஸ் நெட்வொர்க் சிஸ்டம்ஸ் டைரக்பிசின்னு வீடுகளுக்கான சாட்டிலைட் இணையத்தை அறிமுகப்படுத்தியது. ஆனா அதுல ஒரு வேடிக்கை. டவுன்லோடு வானத்துல இருந்து வரும். நீங்க அனுப்புறது, அதாவது ஒரு லிங்க்கை கிளிக் பண்றதுகூட, டெலிபோன் லைன் வழியாத்தான் போகும். கம்பி வராத காட்டுக்கு இணையம் வேணும்னுதான் சாட்டிலைட்டையே தேடுறோம். அங்கேயும் போன் கம்பி வேணும்னா என்ன பண்றது? திரும்பவும் அதே சுவர், அதே முகவரி.

2000-ல ஸ்டார்பேண்ட் கம்பெனியும், அதையொட்டி ஹியூஸும் இருவழி சேவையைக் கொண்டு வந்தாங்க. இப்போ டிஷ்ஷே வாங்கும், டிஷ்ஷே அனுப்பும். போன் லைன் தேவையில்லை. மோட்டார்ஹோம்காரங்க கண்ணு விரிஞ்சது. ஆனா விதிமுறை சொன்னது: இந்த டிஷ்ஷை பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் மாட்டணும். மாட்டினது மாட்டினதுதான், அங்கேயே இருக்கணும்.

இது வெறும் முறைப்புக்காகப் போட்ட விதி இல்லைங்க. டிடிஎச் டிஷ் சும்மா கேட்கும், அவ்வளவுதான். இந்த டிஷ் பேசும். அமெரிக்காவுக்கு மேல வரிசையா நிக்கிற சாட்டிலைட்டுகளுக்கு நடுவுல இடைவெளி வெறும் 2 டிகிரிதான். கையை முழுசா நீட்டி கட்டை விரலைத் தூக்கிப் பாருங்க. அந்த விரலோட அகலம் கிட்டத்தட்ட 2 டிகிரி. டிஷ் ஒரு விரல் அகலம் தள்ளிப் பார்த்தா, பக்கத்து சாட்டிலைட்டுக்குப் போய்க் கத்தும். அதை நம்பியிருக்கிற வேற யாரோட இணைப்போ கெடும். அதனால, வாரா வாரம் யாரோ ஒரு தாத்தா தன் கையால டிஷ்ஷைத் திருப்புறது கம்பெனிக்கு பெரிய பயம்.

தாத்தா கேட்டாரா? இல்லை. அரிசோனா பாலைவனத்துல குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. குளிர்காலம் வந்தா வடக்குல இருந்து ஆயிரக்கணக்கான மோட்டார்ஹோம்கள் அங்க வந்து இறங்கும். அந்த மாதிரி இடங்கள்ல, டிஷ்ஷை முக்காலியில மாட்டி, மணல் மூட்டையால அழுத்தி வச்சு, திசைகாட்டியைப் பார்த்து தெற்கு வானத்தைத் தேடினாங்க. எப்பவும் தெற்குதான், ஏன்னா சாட்டிலைட் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேல. தெற்குப் பக்கம் ஒரு மரம் இருந்தா அன்னைக்கு இணையம் கிடையாது. நல்ல நிழலா, நல்ல சிக்னலா, ரெண்டுல ஒண்ணுதான். கத்துக்கிட்டவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. முறையா பயிற்சி எடுத்து இன்ஸ்டாலர் ஆனவங்களும் உண்டு.

வாடிக்கையாளர் முன்னாடி ஓடினப்புறம் சந்தை பின்னாடி வந்தது. யூட்டா மாநிலத்துல மோட்டோசாட்னு ஒரு கம்பெனி டேட்டாஸ்டார்ம்னு கூரை டிஷ் செஞ்சது. பட்டனைத் தட்டினா ஜிபிஎஸ் வச்சு, தான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கும். சாட்டிலைட் எந்தப் பக்கம்னு கணக்குப் போடும். மடங்கியிருக்கிற டிஷ் தானே எழுந்து, தேடி, பூட்டிக்கும். விலை பல ஆயிரம் டாலர். வண்டி கிளம்பும்போது மறுபடி மடக்கிடணும். ஓடும்போது இணையம் இல்லை.

நின்னு பயன்படுத்தும்போதும் ரெண்டு தொல்லை. ஒண்ணு, இயற்பியல். நீங்க கிளிக் பண்ணது 36,000 கிலோமீட்டர் மேல போய், அதே தூரம் கீழே வந்து, பதிலும் அதே மாதிரி ஏறி இறங்கணும். ஒளியோட வேகத்துல போனாலே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். வெப்சைட் பார்க்கலாம். வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, ஒரே நேரத்துல நிறுத்துவாங்க. ரெண்டாவது, அளவு. ஒரு நாளைக்கு சில நூறு எம்பி தாண்டினா வேகத்தை இறுக்கிடுவாங்க. இன்னைக்கு நாம ரீல்ஸ் பார்த்தே அதைக் காலி பண்ணிடுவோம்.

கீழே இறங்கி வந்த சாட்டிலைட்

அரை விநாடியைக் குறைக்க ஒரே வழி, சாட்டிலைட்டைக் கீழே கொண்டு வர்றது. ஆனா கீழே வந்தா அது ஒரே இடத்துல நிக்காது, ஓடும். ஒண்ணு மறையும்போது இன்னொண்ணு வந்து நிக்கணும். அதுக்கு நிறைய சாட்டிலைட் வேணும்.

1990-கள்லேயே முயற்சி பண்ணாங்க. மோட்டோரோலா பின்னணியில வந்த இரிடியம், 66 சாட்டிலைட்டோட 1998 நவம்பர்ல சேவையைத் தொடங்கியது. செலவு சுமார் 500 கோடி டாலர். அடுத்த வருஷம் ஆகஸ்ட்லயே திவால். பின்னாடி வெறும் இரண்டரைக் கோடி டாலருக்கு கைமாறிச்சு. இரிடியம் இன்னைக்கும் உயிரோட இருக்கு, ஆனா அது முதன்மையா குரலுக்கும் சின்னத் தகவலுக்கும்தான். நூற்றுக்கணக்கான சாட்டிலைட் வச்சு இணையம் தர்றோம்னு சொன்ன டெலிடெசிக்ல பில் கேட்ஸே பணம் போட்டிருந்தார். 2002-ல அதையும் நிறுத்திட்டாங்க. யோசனை தப்பில்லை. ராக்கெட் செலவுதான் தாங்கலை.

மேல போன ராக்கெட்டோட முதல் நிலை திரும்பி வந்து இறங்குற காலம் வந்ததும் கணக்கு மாறிச்சு. 2019 மே மாசம் ஸ்பேஸ்எக்ஸ் 60 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளை ஒரே ராக்கெட்டுல அனுப்பியது. உயரம் சுமார் 550 கிலோமீட்டர். சென்னையில இருந்து திருச்செந்தூர் போறதைவிடக் குறைவான தூரம். 2020 அக்டோபர்ல சோதனைச் சேவை வந்தது. அதுக்கு அவங்களே வச்ச பேரோட அர்த்தம், ஒண்ணும் இல்லாததுக்கு இது பரவாயில்லை.

கரெக்டா அந்த நேரம் கொரோனா. வேலை எல்லாம் லேப்டாப்புக்குள்ள வந்தாச்சு. 2021-ல அமெரிக்காவுல ஆர்வி, அதாவது மோட்டார்ஹோமும் காரோட இழுத்துட்டுப் போற வகையும் சேர்த்து, ஃபேக்டரியில இருந்து 6 லட்சத்துக்கும் மேல வெளியே போச்சு. அது ஒரு சாதனை. ஆபீஸ் மீட்டிங்ல உட்காரணும், ஜன்னலுக்கு வெளியே மலையும் வேணும்.

சரி, ஸ்டார்லிங்க் வாங்கலாம்னு போனா? சர்வீஸ் அட்ரஸ் கேட்டது. பதிவு பண்ண முகவரியைச் சுத்தி இருக்கிற பகுதியை விட்டு வெளியே போனா வேலை செய்யாது.

இங்கதான் எனக்கு இந்தக் கதையிலேயே சுவாரசியமான இடம். பழைய டிஷ்ஷுக்கு முகவரி கேட்டதுல நியாயம் இருந்தது. சாட்டிலைட் நிக்குது, அதனால நீயும் அசையாம நில்லுன்னாங்க. ஆனா ஸ்டார்லிங்க் சாட்டிலைட் மணிக்கு சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. உங்க வீட்டுக்கு மேல சில நிமிஷம்தான் இருக்கும். அதனால வீட்டு மாடியில சும்மா கிடக்கிற டிஷ்ஷே, அலைக்கற்றையை எலக்ட்ரானிக் முறையில திருப்பித் திருப்பி ஓடுற சாட்டிலைட்டைத் துரத்திக்கிட்டுத்தான் இருக்கு. 27,000-ஐத் துரத்துற டிஷ்ஷுக்கு, 90 கிலோமீட்டர் வேகத்துல போற வேன் ஒரு பெரிய விஷயமா? டெக்னாலஜிக்கு முகவரி தேவையில்லாமப் போச்சு. கம்பெனிக்கும் சட்டத்துக்கும்தான் அது தேவைப்பட்டது.

வழக்கம்போல ஜனங்க முன்னாடி ஓடினாங்க. 2021-ல கலிஃபோர்னியா ஹைவே போலீஸ் ஒரு காரை நிறுத்தினாங்க. பானெட் மேலேயே ஸ்டார்லிங்க் டிஷ்ஷை மாட்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கார் ஒருத்தர், ரோடு மறைக்குதுன்னு அபராதம். அதே வருஷம் மார்ச்லயே, ஓடுற வண்டிகளுக்கு அனுமதி கேட்டு ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிகிட்ட மனு போட்டிருந்தது. 2022 மே மாசம் மோட்டார்ஹோம்களுக்குன்னே தனித் திட்டம் வந்தது. ஜூன் 30-ம் தேதி, ஓடும்போதும் பயன்படுத்த எஃப்சிசி அனுமதி கொடுத்தது. 2024-ல ஸ்டார்லிங்க் மினி வந்தது, எடை சுமார் ஒரு கிலோ. 260 கிலோ சைக்கிள்ல இருந்து இப்போ பேக்பேக்ல போடுற டிஷ்.

வரிசையில கடைசி ஆள்

அப்போ முகவரிக் கட்டம் ஒழிஞ்சுதா? இல்லைங்க. வேற ரூபத்துல திரும்பி வந்தது.

முதல் ரூபம், முன்னுரிமை. 2022-ல வீட்டு இணைப்புக்கு மாசம் 110 டாலர், மோட்டார்ஹோம் திட்டத்துக்கு 135 டாலர். அதிகமா காசு கொடுத்தவருக்கு முதல் இடம்னு நினைப்பீங்க. நேர்மாறு. ஒரு பகுதியில நெரிசல் வந்தா, முகவரி உள்ள வீட்டுக்காரருக்குத்தான் முதல்ல வேகம், வந்து போறவருக்கு மிச்சம். இதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஒரு பகுதிக்கு மேல இருக்கிற அலைக்கற்றை அளவானது. வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிற விவசாயக் குடும்பத்தோட இணைப்பை, லாங் வீக்கெண்டுக்கு வந்து இறங்குற 200 வேன்கள் தின்னக்கூடாது. ஆனா வேனே வீடா இருக்கிறவங்களுக்கு, எல்லாப் பகுதியிலயும் அவங்க வந்து போறவங்கதான். எங்கேயும் வரிசையில முன்னாடி நிக்கவே முடியாது. அதுவும் எல்லாரும் ஆசைப்பட்டு ரோட்டுக்கு வந்தவங்க இல்லை. 2008 பொருளாதாரச் சரிவுல வீட்டை இழந்து வேனுக்கு வந்தவங்களைப் பத்தி ஜெசிக்கா ப்ரூடர் நோமாட்லேண்ட்னு புத்தகமே எழுதினார். மாசம் 135 டாலர்ங்கிறது அப்படிப்பட்டவங்களுக்கு பெட்ரோல் காசு.

ரெண்டாவது ரூபம், எல்லைக்கோடு. சாட்டிலைட்டுக்கு நாடு தெரியாது, ஆனா லைசென்ஸுக்குத் தெரியும். வெளிநாட்டுல ரெண்டு மாசத்துக்கு மேல பயன்படுத்தினா, பதிவு முகவரியை அங்க மாத்தச் சொல்ற விதி ஸ்டார்லிங்க்ல வந்தது. அனுமதி இல்லாத நாடுகள்ல ரோமிங் திட்டத்தை வச்சே ஓட்டிக்கிட்டிருந்தவங்களுக்கு, இணைப்பை நிறுத்துவோம்னு 2024 ஏப்ரல்ல மெயில் போச்சு.

நம்ம நாட்டுலயும் இந்தக் கோடு ரொம்ப அழுத்தமா இருக்கு. லைசென்ஸ் இல்லாத ஸ்டார்லிங்க் சேவைக்கு பதிவு பண்ணாதீங்கன்னு 2021 நவம்பர்ல மத்திய அரசே மக்களை எச்சரிச்சது. லைசென்ஸ் கிடைச்சது 2025 ஜூன்ல. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க அனுமதி இல்லாம சாட்டிலைட் போன் கொண்டு வந்தா இங்க கைதுவரைக்கும் போகலாம். பாதுகாப்புன்னு அரசு சொல்ற காரணத்தைச் சுலபமா ஒதுக்கிட முடியாது. அதே சமயம், ஓவர்லேண்டர்னு சொல்ற, கண்டம் விட்டுக் கண்டம் வண்டியிலேயே வர்ற பயணிக்கு, அவரோட கூரையில இருக்கிற டிஷ்தான் ஆபத்து நேரத்துல கூப்பிடுற ஒரே வழியா இருக்கலாம்.

40 வருஷத்துல நாம தூரத்தை ஜெயிச்சுட்டோம். 36,000 கிலோமீட்டர் 550 ஆச்சு, அரை விநாடி கண் சிமிட்டுறதைவிடக் குறைவாச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் முதல்ல நகர்ந்தது கம்பெனியோ சட்டமோ இல்லை. பேஃபோன் முன்னாடி நின்ன சைக்கிள்காரரும், மணல் மூட்டை வச்சு முக்காலி போட்ட தாத்தாவும்தான். ஆனா அவங்க கேட்டது வேகம் மட்டும் இல்லை. நான் எங்க இருக்கேனோ அதையே என் முகவரியா எடுத்துக்கோன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னும் முழுசா சரின்னு யாரும் சொல்லலை.

அடுத்த தடவை ஏதாவது ஒரு ஆப் உங்க நிரந்தர முகவரியைக் கேட்கும்போது, ஒரு நொடி இவங்களை நினைச்சுப் பாருங்க. மோட்டார்ஹோம்காரங்க மட்டும் இல்லை. வேலைக்காக வருஷத்துக்கு நாலு ஊர் மாறுறவங்க, ஹாஸ்டல், பிஜின்னு மாறிக்கிட்டே இருக்கிற உங்க ஃப்ரெண்ட்ஸ், அவங்களும் அந்தக் கட்டத்துல பழைய ஊர் முகவரியைத்தான் எழுதிக்கிட்டு இருக்காங்க. நீங்க என்ன எழுதுறீங்க? எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.